கதை கேட்காத வட்டம்: கொடுமைக்கு ஆளான குழந்தைகளுக்குக் குழு அமர்வு நடத்துவது எப்படி

பாலியல் கொடுமைக்கோ வீட்டு வன்முறைக்கோ ஆளான குழந்தைகளை வட்டமாக உட்காரவைத்து, "மனசில் இருக்கிறதையெல்லாம் கொட்டிவிடுங்கள், பாரம் குறையும்" என்று சொல்வதுதான் குழுச் சிகிச்சை என்று நல்ல மனம் படைத்த பலரும் நம்புகிறார்கள். குழந்தைகள் இல்லங்களில் ஆற்றுப்படுத்துநராகப் பணியாற்றத் தொடங்கியபோது நானும் அப்படித்தான் நம்பினேன். நான் முதலில் கைவிட வேண்டியிருந்ததும் அந்த நம்பிக்கையைத்தான். நடந்ததை விவரமாகச் சொல்லி, அந்த நினைவில் தைத்திருக்கும் முள்ளை எடுப்பது சிகிச்சையின் ஒரு பகுதிதான். ஆனால் அது, குழந்தையும் பயிற்சி பெற்ற சிகிச்சையாளரும் மட்டும் இருக்கும் தனியறையில் நடக்க வேண்டிய வேலை. குழுவின் வேலை வேறு. 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்ற எண்ணம் உடைவதற்கும், 'என்மேல்தான் தப்பு' என்ற எண்ணம் தளர்வதற்கும், காரணமில்லாமல் பதறும் உடம்பைத் தணிக்கப் பழகுவதற்கும் குழுவைப் போல் வேறோர் இடம் இல்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரப் பள்ளிகளில் வன்முறையைக் கண்ட மாணவர்களுக்காக உருவான திட்டத்திலும் 10 குழு அமர்வுகளுக்கு நடுவே 1 முதல் 3 தனி அமர்வுகள் வைத்திருக்கிறார்கள். நடந்ததை முதலில் பேசுவது அந்தத் தனி அமர்வுகளில்தான்.

இந்தக் குறிப்பு உளவியலிலோ உளவியல் சார்ந்த சமூகப் பணியிலோ பயிற்சி பெற்று, மூத்த ஒருவரின் மேற்பார்வையில் பணியாற்றுவோருக்கானது. இல்லங்களுக்கு வந்து போகும் தன்னார்வலர்கள் விளையாட்டு, ஓவியம், பாட்டு என்று செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. இது அவற்றில் ஒன்றல்ல.

யாரைச் சேர்ப்பது, யாரைக் காத்திருக்கச் சொல்வது

கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஆபத்து நின்றுவிட்டதா என்பதே. கொடுமை செய்தவர் இன்னும் அதே வீட்டில் இருக்கும்போதோ, விடுமுறைக்குப் போனால் அவர் கண்ணில் படும் நிலை இருக்கும்போதோ, குழந்தையின் பயம் நோயின் அறிகுறி ஆகாது. குழந்தையைக் காக்கும் எச்சரிக்கை அதுதான். அந்தப் பயத்தைத் தணிக்கக் கற்றுக்கொடுப்பது தவறு. குழு அமர்வு எந்தக் குழந்தைக்கும் நன்மையே செய்யும், தீங்கு செய்யாது என்று எண்ணுகிறவர்கள், வட இலங்கையில் போரால் பாதிக்கப்பட்ட 399 பள்ளிப் பிள்ளைகளிடையே நடந்து 2012இல் வெளியான ஆய்வை நினைவில் கொள்ள வேண்டும். வகுப்பறையில் நடந்த 15 அமர்வுகளால், நடப்பு நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்கே கூடுதல் பலன் கிடைத்தது. சிறுமிகளுக்கோ, அமர்வில் சேராமல் காத்திருந்த சிறுமிகளைவிட அதிர்ச்சி அறிகுறிகள் குறைவாகவே தணிந்தன. ஆகவே குழந்தைகள் நலக்குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆகியவற்றின் வழியாகக் குழந்தையின் இருப்பிடம் பாதுகாப்பாகும் வரை அமர்வு காத்திருக்கலாம்.

ஒவ்வொரு குழந்தையையும் முன்னதாக இரண்டு முறையாவது தனியே சந்திக்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ள குழந்தை, சம்பவம் நடந்து சில நாட்களே ஆன குழந்தை, மற்றப் பிள்ளைகளிடம் எல்லை மீறி நடந்துகொள்ளும் குழந்தை, கண் திறந்திருக்கும்போதே ஆள் வேறெங்கோ போய்விட்டதுபோல் அடிக்கடி உறைந்துபோகும் குழந்தை ஆகியோருக்கு முதலில் தனிச் சிகிச்சையே தேவை. உடன்பிறந்தவர்களை ஒரே குழுவில் சேர்த்தால் ஒருவர் மற்றவரைக் காப்பதிலேயே நேரம் போய்விடும். ஒரே வழக்கில் சாட்சிகளாக இருக்கும் பிள்ளைகளை, வழக்கு முடியும் வரை ஒரே வட்டத்தில் உட்காரவைக்கவே கூடாது. 'சொல்லிக்கொடுத்துப் பேசவைத்தார்கள்' என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கப்போகும் கேள்விக்கு நாமே இடம் கொடுத்தவர்களாவோம்.

வயது வித்தியாசம் மூன்று ஆண்டுகளைத் தாண்டாமல் இருப்பது நல்லது. பாலியல் கொடுமை தொடர்பான குழு என்றால், 10 வயதுக்கு மேல் பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் குழு தேவை. 'ஆம்பளைப் பிள்ளைக்கு என்ன ஆகிவிடப்போகிறது' என்று நாம் பேசிப் பழகியிருப்பதால், ஆண் பிள்ளைகளுக்கான குழுவை நடத்த முன்வருவோர் குறைவு. நடுவண் அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னவர்களில் 52.94 விழுக்காட்டினர் ஆண் பிள்ளைகள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் ஆண், பெண் என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். குழந்தையிடமும் கேட்க வேண்டும் என்பது அடிக்கடி விட்டுப்போகிறது. "வேண்டாம்" என்று சொன்னால் எதுவும் ஆகிவிடாது என்பதை அந்தக் குழந்தை நம்பும்படி சொல்ல வேண்டும்; தன் "வேண்டாம்" மதிக்கப்படாமல் போனதால்தான் அது நம்மிடமே வந்திருக்கிறது.

அறை, நேரம், அழைக்கும் முறை

ஒரு குழுவில் 6 முதல் 8 பிள்ளைகள் போதும். நடத்துவோர் இருவர் இருக்க வேண்டும். ஒரு குழந்தை அழுதுகொண்டு வெளியே ஓடினால் ஒருவர் பின்னால் போகவும் மற்றவர் வட்டத்தோடு இருக்கவும் வேறு வழி கிடையாது. வாரம் ஒரு முறை, அதே நாள், அதே நேரம், அதே அறை என்று 10 முதல் 12 வாரம் நடத்தலாம். ஓர் அமர்வு 75 நிமிடம் நீண்டால் தாராளம். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு 45 நிமிடத்துக்கு மேல் தாங்காது. கதவைத் தாழிடாமல் சாத்தி வைக்க வேண்டும். எந்தக் குழந்தையும் கதவுக்கு முதுகு காட்டி உட்காரும்படி பாயை விரிக்கக் கூடாது.

அமர்வின் முடிவில் சாப்பிட ஏதாவது கொடுப்பது நல்ல வழக்கம். நான் சுண்டலோ அவித்த வேர்க்கடலையோ கொடுப்பேன், சாக்லேட் கொடுப்பதில்லை. எத்தனை குழந்தைகளின் கதை ஒரு சாக்லேட்டில் தொடங்கியிருக்கிறது என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

நம்மை எப்படி அழைப்பது என்பதையும் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். நம் ஊரில் பெரியவர் யாராக இருந்தாலும் மாமா, சித்தப்பா, அங்கிள் என்று முறை வைத்து அழைக்கச் சொல்லியே வளர்க்கிறோம். கொடுமை செய்தவரும் அப்படி அழைக்கப்பட்டவராகவே பெரும்பாலும் இருப்பார். உடன் நடத்தும் ஆண் பணியாளரை "மாமா சொல்றதைக் கேளுங்க" என்று ஒருமுறை நான் அறிமுகம் செய்தபோது, ஒரு சிறுமி எழுந்துபோய் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த அமர்வு முழுவதும் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து, தனிச் சந்திப்பிலேயே "எங்களை என்னன்னு கூப்பிடப் பிடிக்கும்? என்னன்னு கூப்பிடப் பிடிக்காது?" என்று கேட்டுவிடுகிறேன்.

முதல் அமர்வு: 'ரகசியம்' என்ற சொல்லைத் தவிர்ப்பது

குழுவின் விதிகளை எழுதும்போது, "இங்கே பேசுவதெல்லாம் நமக்குள் ரகசியம்" என்று சொல்லிவிட வாய் துடிக்கும். அந்தச் சொல்லைத்தான் கொடுமை செய்தவரும் பயன்படுத்தியிருப்பார். ஆகவே வேறு விதமாகச் சொல்ல வேண்டும்: "உன்னைப் பற்றி நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். அடுத்தவரைப் பற்றி நீ சொல்லக் கூடாது, அதைச் சொல்ல அவருக்கு மட்டும்தான் உரிமை." கூடவே, நாங்கள் யாரிடம் எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதையும் அன்றே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: ஒரு குழந்தைக்கு யாராவது தீங்கு செய்தாலோ, செய்யப்போவதாகத் தெரிந்தாலோ, குழந்தையே தன்னைக் காயப்படுத்திக்கொள்ள நினைத்தாலோ, நாங்கள் சும்மா இருக்க மாட்டோம்.

முதல் நாளில் கொடுமை என்ற பேச்சை அறவே எடுக்காமலும் விடக் கூடாது, அதையே பேசிக்கொண்டும் இருக்கக் கூடாது. "இந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும், பெரியவங்க செய்யக் கூடாத ஒன்றைச் செய்து கஷ்டம் வந்திருக்கு. என்ன நடந்துச்சுன்னு இங்கே யாரும் சொல்ல வேண்டியதில்லை" என்ற அளவில் சொன்னால் போதும். அந்தச் சொற்களைக் கேட்டதும் பிள்ளைகள் மெல்லத் தலை நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு நேரம் விட்டு, விளையாட்டுக்குப் போய்விடலாம்.

உடம்பைத் தணிக்கப் பழக்குதல்

இரண்டாம், மூன்றாம், நான்காம் அமர்வுகள் உடம்புக்கானவை. நம் பிள்ளைகளிடம் "என்ன உணர்கிறாய்?" என்று கேட்டால் "ஒரு மாதிரியா இருக்கு" என்பதற்கு மேல் பதில் வருவது அரிது. "எங்கே இருக்கு?" என்று கேட்டால் உடனே வரும். வயிற்றைக் கலக்குது, தொண்டை அடைக்குது, நெஞ்சு படபடங்குது, காது சூடாகுது என்று தமிழில் உணர்ச்சிகளுக்கு உடம்பிலேயே முகவரி இருக்கிறது. ஒரு பெரிய தாளில் ஆள் உருவம் வரைந்து, பயத்துக்கு ஒரு நிறம், கோபத்துக்கு ஒரு நிறம், வெட்கத்துக்கு ஒரு நிறம் என்று அவரவர் தீட்டிக்கொள்ளச் சொல்லலாம். தரையில் கிடத்தி அந்தக் குழந்தையின் உடம்பைச் சுற்றியே கோடு போடும் வழக்கம் சில கையேடுகளில் இருக்கிறது. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையை அப்படிப் படுக்கவைக்க வேண்டாம். உருவத்தை முன்கூட்டியே வரைந்து கொண்டுபோகலாம்.

மூச்சுப் பயிற்சிக்கு, பூவை முகர்ந்துவிட்டு மெழுகுவத்தியை ஊதி அணைப்பதுபோல் செய்யச் சொல்வார்கள். நான் மெழுகுவத்திக்குப் பதில் விளக்கு என்று சொன்னேன். "விளக்கை வாயால ஊதி அணைக்கக் கூடாது மிஸ், ஆகாது" என்று ஒன்பது வயதுப் பிள்ளை என்னைத் திருத்தினாள். இப்போது, சூடான பால் டம்ளரைக் கையில் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டு, ஆடை விலகும் அளவுக்கு மட்டும், பால் சிந்தாமல், மெதுவாக ஊதச் சொல்கிறேன். மூச்சு உள்ளே போவதைவிட வெளியே போவது நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு தணியும் என்பதே இதன் அடிப்படை. பால் சிந்தக் கூடாது என்ற கவலையில் பிள்ளைகள் தாமாகவே மூச்சை நீட்டிவிடுகிறார்கள். கண்ணை மூடச் சொல்லக் கூடாது. கண்ணை மூடினால் எதுவும் நடக்கலாம் என்று கற்றுக்கொண்ட பிள்ளைகள் இவர்கள். தரையில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னால் போதும்.

நினைவு திடீரென்று மேலேறி வரும்போது இந்த அறைக்குத் திரும்பி வருவதற்கு, கண்ணில் படும் ஐந்து பொருள், தொட்டு உணரக்கூடிய நான்கு, காதில் விழும் மூன்று, மணக்கும் இரண்டு, நாவில் ஒரு சுவை என்று எண்ணும் பயிற்சி உதவும். இதை அமைதியாக இருக்கும்போதே பலமுறை விளையாட்டாகச் செய்து பழக்கியிருந்தால்தான் பதற்றத்தில் கைகொடுக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரம் இதற்கு நல்ல தருணம். அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகளில் சிலருக்கு வெடிச் சத்தம் ஒவ்வொன்றும் வீட்டில் கதவு அறையப்பட்ட சத்தமாகவே கேட்கும்.

பழியை இறக்கிவைத்தல்

குழுவின் நடுப்பகுதி, அதாவது ஐந்தாம் அமர்வு முதல் எட்டாம் அமர்வு வரை, இதற்கே போக வேண்டும். 'நான் ஏன் கத்தவில்லை? ஏன் ஓடவில்லை? நான்தானே கூப்பிட்டதும் போனேன்?' என்ற கேள்விகளைச் சுமக்காத குழந்தையை நான் பார்த்ததில்லை. "உன்மேல் தப்பே இல்லை" என்று நாம் நூறு முறை சொன்னாலும், அது சம்பளம் வாங்கும் அக்கா சொல்லும் ஆறுதலாகத்தான் அவர்களுக்குப் படும். அதையே எதிரில் உட்கார்ந்திருக்கும் தன் வயதுப் பிள்ளை சொன்னால் நிலைமை வேறு. குழுவின் பலம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

நான் மரவட்டையில் இருந்து தொடங்குவேன். மழைக்காலத்தில் சுவரோரம் ஊரும் மரவட்டையை எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்பார்கள். "தொட்டா என்ன செய்யும்?" என்று கேட்டால், "சுருண்டுக்கும்" என்று ஒரே குரலில் பதில் வரும். "அது ஏன் ஓடலை? ஏன் கடிக்கலை?" "அதால முடியாது மிஸ்." "அப்படின்னா தொட்டவருக்கு அது சம்மதம் சொல்லிடுச்சா?" இந்தக் கேள்விக்கு வரும் சிரிப்பும், சிரிப்பு அடங்கியபின் வரும் மௌனமும் முக்கியமானவை. தப்பியோட முடியாத, எதிர்த்துப் போராட முடியாத ஆபத்தில் உடம்பு உறைந்துபோவது மூளை தானாகவே செய்யும் தற்காப்பு என்பதை அதற்குப் பிறகு இரண்டு மூன்று எளிய வாக்கியங்களில் விளக்கலாம். ஒரு முறை, அதுவரை ஆறு வாரம் வாயே திறக்காத பெண் பிள்ளை, பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து "நீ சுருண்டுக்கிட்ட. அவ்வளவுதான்" என்றாள். நான் தயாரித்து வைத்திருந்த படங்களை அன்று எடுக்கவே இல்லை.

சொற்களிலும் கவனம் தேவை. 'கெட்ட தொடுதல்' என்று கற்ற குழந்தை, கெட்டது தன் உடம்பில் பட்டுவிட்டதால் தானும் கெட்டுவிட்டதாக எண்ணிக்கொள்கிறது. 'கெட்டுப்போனவள்' என்ற சொல் ஊரில் காதில் விழுந்துகொண்டே இருக்கும்போது இந்த முடிவுக்கு வர அதற்கு அதிக நேரம் ஆகாது. 'பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பு இல்லாத தொடுதல்' என்றே சொல்வது நல்லது. 'கற்பழிப்பு', 'சீரழிப்பு', 'மானம் போச்சு' ஆகிய சொற்கள் இல்லத்தின் வார்டன் வாயிலும் சமையலறையிலும்கூட வராமல் இருக்கப் பணியாளர்களிடம் பேசிவிட வேண்டும்.

யாராவது சொல்லத் தொடங்கிவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஏதோ ஓர் அமர்வில் ஒரு குழந்தை நடந்ததை விவரிக்கத் தொடங்கும். வாயை அடைப்பதுபோல் நிறுத்தினால், இங்கேயும் கேட்க ஆளில்லை என்று அது முடிவு கட்டிவிடும். முழுவதையும் சொல்லவிட்டால், மற்ற ஏழு பேரின் இரவுத் தூக்கம் போகும். "நீ சொல்ல வந்தது ரொம்ப முக்கியம். அதை நான் முழுசாக் கேட்கணும். இன்னைக்கு அமர்வு முடிஞ்சதும் நீயும் நானும் உட்காருவோம்" என்று சொல்லி, அன்றே, அதே நாளில் உட்கார வேண்டும், நாளை என்று தள்ளக் கூடாது. வட்டத்தில் இருக்கும் மற்றவர்களைப் பால் ஆற்றும் மூச்சுக்கும், ஐந்து பொருள் எண்ணுவதற்கும் உடன் நடத்துபவர் கொண்டுபோக வேண்டும்.

தனியே உட்காரும்போது துருவிக் கேட்கக் கூடாது. விசாரணை நம் வேலை அல்ல. குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே எழுதிவைத்தால் போதும். அது இதுவரை வெளிவராத கொடுமையாக இருந்தால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் தெரிவிக்காமல் இருந்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. நிறுவனத்தின் பொறுப்பாளர், தம் கீழ்ப் பணியாற்றுபவர் செய்த குற்றத்தை மறைத்தால் அது ஓராண்டு வரை நீளும். குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098இலும் உதவி கேட்கலாம்.

வழக்கு நடக்கும் பிள்ளைகளுக்கு, நீதிமன்றத் தேதிக்கு முந்தைய அமர்வில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வாய்தாக்கள் நீள்வது உண்டு. ஒவ்வொரு சம்மனுக்கும் பழைய கெட்ட கனவுகள் திரும்பும். வழக்கு நடக்கும் காலத்தில் குழந்தைக்குத் துணையாக இருக்கக் குழந்தைகள் நலக்குழு நியமித்த ஆதரவு நபரோடு நாம் தொடர்பில் இருந்தால், எந்த வாரம் எந்தக் குழந்தை கலங்கும் என்பது முன்கூட்டியே தெரியும். இன்னொன்று, இல்லத்துக்கு வரும் கொடையாளர்கள் வட்டத்தைப் படம் எடுக்கக் கேட்பார்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு என்று அமைதியாகச் சொல்லிவிடலாம். அடையாளத்தை வெளியிடுவதைத் தடுப்பது அந்தப் பிரிவுதான்.

அம்மாக்களின் வட்டம்

போருக்கும் பேரிடருக்கும் ஆளான குழந்தைகளுக்காக நார்வேயைச் சேர்ந்த அறக்கட்டளை ஒன்று உருவாக்கிய பாடத்திட்டத்தில், குழந்தைகளுக்கு 5 அமர்வுகள் என்றால் பெற்றோருக்கு 2 அமர்வுகள் உண்டு. நான் நான்கு வைக்கிறேன். நம் வீடுகளுக்கு இரண்டு போதவில்லை. முதல் அமர்வில் "இதை மறந்துடுவாளா?" என்ற கேள்வியும், அடுத்ததில் "நாளைக்குக் கல்யாணம் நடக்குமா?" என்ற கேள்வியும் வராமல் இருந்ததில்லை. கொடுமை செய்தவர் கணவராகவோ சொந்தத் தம்பியாகவோ இருக்கும்போது அந்தத் தாய் ஒரே நேரத்தில் இரண்டு இழப்புகளில் நிற்கிறாள். அவளிடம் கேட்பது ஒன்றுதான்: குழந்தை பேசவந்தால் காது கொடுக்க வேண்டும், பேசாவிட்டால் துருவிக் கேட்கக் கூடாது, இரண்டிலும் "நான் உன்னை நம்பறேன்" என்று சொல்ல வேண்டும். வீடே இல்லாத பிள்ளைகளுக்கு வார்டனும் சமையல் அம்மாவும் இந்த வட்டத்தில் உட்காரட்டும். படுக்கையை நனைக்கும் பிள்ளையை எல்லோர் முன்னும் திட்டும் ஒரு வார்டன், பன்னிரண்டு வார வேலையை ஒரே காலையில் கலைத்துவிட முடியும்.

தூக்கம், சாப்பாடு, படிப்பு எதிலும் முன்னேற்றம் தெரியாத, அல்லது கையைக் கீறிக்கொள்ளத் தொடங்கும் குழந்தையைக் குழந்தை மனநல மருத்துவரிடம் அனுப்புவதில் தயங்க வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நள்ளிரவில் அவசரம் என்றால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி இருக்கிறது. நடத்துபவருக்குத் தூக்கம் கெடத் தொடங்கினால் அதையும் மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும்.

முடிக்கும் முறை

இந்தப் பிள்ளைகளைப் பலர் சொல்லாமல் விட்டுப் போயிருக்கிறார்கள். ஆகவே முடிவை மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லி, சுவரில் மூன்று தாள்களை ஒட்டி, வாரம் ஒன்றாக அவர்களே கிழிக்கும்படி செய்யலாம். கடைசி நேரத்தில் சிலர் சண்டை போடுவார்கள், சிலர் வர மாட்டேன் என்பார்கள். மற்றவர்கள் தன்னை விட்டுப் போவதற்குள் தானே விட்டுவிடும் முயற்சி அது. இறுதி அமர்வில் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதத் தெரியாதவர்கள் படம் வரையலாம். பரிசும் சான்றிதழும் வேண்டாம். சான்றிதழில் குழுவின் பெயர் இருக்கும், அது எந்தப் பெட்டியில் எப்போது யார் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் மீண்டும் கூடுவதற்கான தேதியை அன்றே நாட்காட்டியில் அவர்களைக் கொண்டே வட்டமிடச் செய்து, அந்த நாளில் மழையானாலும் போய் உட்கார வேண்டும், ஒரு குழந்தை மட்டுமே வந்தாலும்.